சாம்பலும் மழைநீரும் புகுந்த வண்டி: சாவியைத் திருகும் முன் என்ன செய்ய வேண்டும்?

"ரைஸ் மில்லில் இருந்து வயலுக்கு உமிச்சாம்பல் ஏற்றி வரும் எங்கள் டீசல் லோடு வண்டி, அடைமழையில் இரவு முழுக்கத் தண்ணீரில் நின்றுவிட்டது. தண்ணீர் வடிந்துவிட்டது. ஸ்டார்ட் செய்து பார்க்கலாமா?" என்று டெல்டா பகுதி வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

செய்யாதீர்கள் என்பதே முதல் பதில். தண்ணீரில் நின்றதால் மட்டும் இன்ஜின் வீணாகிவிடுவதில்லை. உள்ளே தண்ணீர் இருக்கும்போது சாவியைத் திருகுவதால்தான் பெரும்பாலும் வீணாகிறது. கார், டிராக்டர், பவர் டில்லர் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

தண்ணீர் என்ன செய்கிறது?

டீசல் இன்ஜினில் பிஸ்டன் மேலே வரும்போது காற்றை ஏறத்தாழ 15 முதல் 20 மடங்கு வரை சுருக்குகிறது. காற்று சுருங்கும், தண்ணீர் சுருங்காது. ஏர் ஃபில்டர் குழாய் வழியாகத் தண்ணீர் புகுந்திருந்தால், செல்ஃப் அடித்தவுடன் பிஸ்டன் அதில் போய் முட்டும். கனெக்டிங் ராட் வளையும். சில நேரம் உடைந்து இன்ஜின் பிளாக்கையே துளைத்துவிடும். கியரில் போட்டுத் தள்ளி ஸ்டார்ட் செய்தாலும் இதே கதிதான்.

சாம்பல் என்ன செய்கிறது?

100 கிலோ உமியை எரித்தால் சுமார் 20 கிலோ சாம்பல் கிடைக்கும். நன்றாக எரிந்த சாம்பலில் 100க்கு 85 பங்குக்கு மேல் சிலிக்கா. நெற்பயிரின் தண்டுக்கு உறுதி தரும் அதே சிலிக்கா, இன்ஜினுக்குள் போனால் உப்புத்தாள் போலத் தேய்க்கும். லைனரும் ரிங்கும் தேய்ந்து, இழுவை குறைந்து, ஆயில் எரியத் தொடங்கும். நனைந்த சாம்பலோ ஏர் ஃபில்டரில் சேறுபோல அப்பி மூச்சை அடைத்துவிடும்.

வரிசையாகச் செய்ய வேண்டியவை

1. பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள். தண்ணீர் எந்த உயரம் வரை நின்றது என்று வண்டியின் மேலுள்ள சேற்றுக்கோட்டைப் பாருங்கள். போட்டோ எடுத்து வையுங்கள்.

2. ஆயில் கேஜ் கம்பியை உருவிப் பாருங்கள். ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தாலோ, அளவு ஏறியிருந்தாலோ தண்ணீர் கலந்துவிட்டது என்று பொருள்.

3. ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறக்கும் முன், மேலே படிந்த சாம்பலைத் துணியால் துடைத்து எடுங்கள். பேப்பர் ஃபில்டர் நனைந்திருந்தால் காயவைத்துப் போடாதீர்கள், புதியது மாற்றுங்கள். பழைய டிராக்டர்களில் உள்ள ஆயில் ஏர் ஃபில்டர் என்றால், கிண்ணத்தைக் கழற்றி டீசலில் கழுவி, குறியிட்ட அளவுக்குப் புது ஆயில் ஊற்றுங்கள்.

4. ஃபில்டருக்கு அப்பால் உள்ள குழாயில் ஈரமோ சாம்பலோ தெரிந்தால், அங்கேயே நிறுத்தி மெக்கானிக்கை அழையுங்கள். டீசல் வண்டியில் இன்ஜெக்டர் அல்லது ஹீட்டர் பிளக்கை, பெட்ரோல் வண்டியில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, இன்ஜினைக் கையால் மெல்லச் சுற்றித் தண்ணீரை வெளியேற்ற வேண்டும். அப்போது துளைக்கு நேரே முகத்தை வைக்கக் கூடாது.

5. டீசல் ஃபில்டரின் அடியில் தேங்கிய தண்ணீரை வடித்துவிடுங்கள். டேங்கிலும் தண்ணீர் புகுந்திருந்தால் டீசல் முழுவதையும் இறக்க வேண்டும்.

6. ஆயிலில் தண்ணீர் கலந்திருந்தால் ஆயிலையும் ஆயில் ஃபில்டரையும் மாற்றுங்கள். பிறகு சில நிமிடம் மட்டும் ஓட்டி, மீண்டும் ஒருமுறை மாற்றுங்கள். முதல் தடவையில் தண்ணீர் முழுவதும் வெளியேறாது.

இன்ஜினுக்கு வெளியே

சக்கரத்தின் நடுப்பகுதி வரை மட்டுமே தண்ணீர் நின்றிருந்தாலும் கியர் பாக்ஸ், பின் ஆக்சில் ஆயில், சக்கர பேரிங் கிரீஸ், பிரேக் ஆகியவற்றைப் பார்த்துவிடுங்கள்.

ரேடியேட்டர் இதழ்களுக்கு இடையே சாம்பல் அடைத்தால் இன்ஜின் சூடேறும். இன்ஜின் ஆறிய பிறகு, இன்ஜின் பக்கமிருந்து வெளிப்பக்கமாக, குறைந்த வேகத்தில் தண்ணீர் அடித்துக் கழுவுங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது.

புகை சொல்லும் செய்தி

சரிசெய்து ஓட்டிய பிறகும் புகையைக் கவனியுங்கள். கரும்புகை வந்தால் காற்று போதவில்லை. முதலில் ஏர் ஃபில்டரைப் பாருங்கள். நீலப்புகை வந்தால் ஆயில் எரிகிறது, ரிங் தேய்ந்திருக்கலாம். வெண்புகை நிற்காமல் வந்தால் தண்ணீர் கலக்கிறது அல்லது டீசல் சரியாக எரியவில்லை. 'டக் டக்' என்று உலோகச் சத்தம் கேட்டால் உடனே நிறுத்துங்கள்.

இன்சூரன்ஸ்

மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் இருந்தால் உங்கள் வண்டியின் சேதத்துக்குப் பணம் கிடைக்காது. முழுக் காப்பீடு இருந்தாலும், தண்ணீர் புகுந்த பிறகு ஸ்டார்ட் செய்ததால் இன்ஜின் உடைந்தது எனத் தெரிந்தால், அந்தச் செலவை நிறுவனம் மறுக்க வாய்ப்புண்டு. இன்ஜினுக்கெனத் தனிக் கூடுதல் காப்பீடு இருக்கிறதா என்று பாலிசியைப் பாருங்கள். வண்டியை அசைக்கும் முன் நிறுவனத்துக்குத் தகவல் சொல்லிவிடுங்கள்.

வரும் மழைக்காலத்தில் சாம்பல் ஏற்றும்போது தார்ப்பாய் போட்டு மூடுங்கள். சாம்பல் குவியலின் காற்றடிக்கும் பக்கம் வண்டியை நிறுத்தாதீர்கள். சாம்பல் ஏற்றும் நாட்களில் ஏர் ஃபில்டரைத் தினமும் பாருங்கள். இரவில் மழை வரும் என்று தெரிந்தால் வண்டியை மேட்டில் நிறுத்துங்கள்.