வேலூர் மக்கான் தூணில் ஜூலை 10-ந்தேதி மரியாதை ஏன்? கொள்ளி வைக்க உடம்பு கிடைக்காத சிப்பாய்களின் கதை

வேலூர், ஜூலை 10-

வேலூர் மக்கான் பக்கம் பஸ்சில் போகிறவர்கள் அந்த நினைவுத்தூணைப் பார்த்திருப்பார்கள். ஆண்டுதோறும் ஜூலை 10-ந்தேதி கலெக்டர், அதிகாரிகள், முன்னாள் ராணுவத்தினர், என்.சி.சி. மாணவர்கள் அங்கே மலர் வளையம் வைத்து மரியாதை செலுத்துகிறார்கள்.

யாருக்கு இந்த மரியாதை? 1806-ல் வேலூர் கோட்டையில் செத்த நம்ம சிப்பாய்களுக்கு. சரியாகச் சொன்னால், அன்றைக்கு மறுக்கப்பட்ட சாவு மரியாதையின் பாக்கி இது.

தோல் குஞ்சம்

கம்பெனி ராணுவத்தில் 1805 நவம்பரில் புது உத்தரவு வந்தது. நெற்றியில் விபூதி, நாமம் கூடாது. தாடியை எடுக்கணும். மீசையை வெட்டணும். புதுத் தொப்பியில் தோல் குஞ்சம் வேறு.

அது மாட்டுத்தோலா, பன்றித்தோலா என்று இந்து, முஸ்லிம் சிப்பாய்கள் கொதித்தார்கள். தோல்ஷாப்பும் ஷூ கம்பெனியும் சோறு போடும் நம்ம பக்கத்தில் தோல் என்றால் பிழைப்பு. அவர்களுக்கோ அது மானப் பிரச்சினை. எதிர்த்தவர்களுக்குக் கசையடிதான் கிடைத்தது.

1806 ஜூலை 10 விடியற்காலை கோட்டையில் துப்பாக்கி வெடித்தது. 14 அதிகாரிகளும், 69-வது ரெஜிமெண்டைச் சேர்ந்த 115 வெள்ளைக்கார வீரர்களும் பலியானார்கள். ஆற்காட்டில் இருந்து குதிரைப்படையோடு வந்த கில்லஸ்பி கோட்டையைத் திரும்பப் பிடித்தார். அரண்மனையில் ஒளிந்திருந்த சுமார் 100 சிப்பாய்களைச் சுவரோரம் நிறுத்திச் சுட்டுத் தள்ளினார்கள். மொத்தம் சுமார் 350 சிப்பாய்கள் செத்ததாகக் கணக்கு.

சாவிலும் பாரபட்சம்

வெள்ளைக்கார ராணுவத்தில் சாவுக்கு என்று தனி முறை இருந்தது. துப்பாக்கியைத் தலைகீழாகப் பிடித்து மெதுவாக நடப்பார்கள். முரசுக்குக் கறுப்புத் துணி சுற்றுவார்கள். குழியருகே 3 முறை வானத்தை நோக்கிச் சுடுவார்கள். இன்று 'குண்டுகள் முழங்க மரியாதை' என்று பேப்பரில் படிக்கிறோமே, அது இந்த வழியில் வந்ததுதான்.

சிப்பாய்களுக்கு? விசாரணைக்குப் பிறகு 8 பேரைத் தூக்கில் போட்டார்கள். 5 பேரைச் சுட்டார்கள். 6 பேரைப் பீரங்கி வாயில் கட்டி வெடித்தார்கள்.

இந்தப் பீரங்கித் தண்டனைதான் கொடுமையிலும் கொடுமை. உடம்பு சிதறிப்போனால் இந்துவுக்குக் கொள்ளி வைக்க முடியாது. முஸ்லிமைக் குளிப்பாட்டி, கஃபன் சுற்றி அடக்கம் செய்யவும் முடியாது. உயிரோடு கடைசிச் சடங்கையும் பறிப்பதுதான் அதன் நோக்கம்.

இப்போது நடப்பது என்ன?

மலர் வளையம், மவுன அஞ்சலி எல்லாம் வெள்ளைக்காரன் கொண்டுவந்த வழக்கம்தான். முதல் உலகப்போர் முடிந்து ஓராண்டு கழித்து, 1919 நவம்பர் 11-ந்தேதிதான் பிரிட்டிஷ் சாம்ராஜ்யம் முழுக்க 2 நிமிட மவுனம் தொடங்கியது. அதே முறையில்தான் இப்போது அவனை எதிர்த்த சிப்பாய்களுக்கு மரியாதை நடக்கிறது.

மக்கான் தூண் எழுப்பியது 1998-ல். 200-வது ஆண்டான 2006-ல் தபால் தலையும் வந்தது. செத்தவர்களுக்குச் சமாதி இல்லை. அதனால் அந்தத் தூண்தான் சமாதி. வருஷா வருஷம் வைக்கிற பூதான் காரியம். கோட்டையைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள், மக்கானிலும் ஒரு நிமிஷம் நின்றுவிட்டுப் போகலாம்.