காற்று வேண்டாம் என்கிறது களிமண்

சித்திரை பிறந்ததும் மதுரை, சிவகங்கை சாலையோரங்களில் தண்ணீர்ப் பானைகள் வரிசை கட்டிவிடும். குழாய் வைத்த பானை, மூடி போட்ட கூஜா, மோர்ச் சட்டி என்று எல்லாம் விலைபோகும் காலம் அது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பானை காயாது, விறகும் நனைந்துவிடும், தொழில் படுத்துவிடும். தைப் பொங்கலுக்குப் பிறகு குயவர் குடும்பம் நாலு காசு பார்க்கும் பருவம் கோடைதான். கண்மாய்கள் வற்றிக் கிடப்பதால், வருடத்துக்கு வேண்டிய களிமண்ணை வெட்டிச் சேர்த்துக்கொள்வதும் இப்போதுதான். ஊரே நிழல் தேடி ஒதுங்கும் அக்னி நட்சத்திர நாட்களில் இவர்கள் வீட்டில் வேலை மும்முரமாக நடக்கிறது.

வேலை நடக்கும் இடம் பெரும்பாலும் வீடேதான். திண்ணையிலோ தாழ்வாரத்திலோ பானை வனையும் திருகை, பக்கத்து அறையில் இன்னும் சுடாத பச்சைப் பானைகள், கொல்லையில் சூளை. உச்சி வெயிலில் அங்கே போகிறவருக்கு ஒரு சந்தேகம் வரும். இவ்வளவு புழுக்கத்தில் மின்விசிறியை ஏன் போடவில்லை? ஜன்னலை ஏன் சாக்கால் மறைத்திருக்கிறார்கள்?

களிமண்ணுக்குக் காற்று ஆகாது என்பதே பதில். ஈரக் களிமண் காயும்போது, மண்ணின் வகையைப் பொறுத்து, நூற்றுக்கு ஐந்து முதல் எட்டு பங்கு வரை சுருங்கும். எல்லாப் பக்கமும் ஒரே சீராகச் சுருங்கினால் பானைக்கு ஒன்றும் ஆகாது. விசிறிக் காற்றோ வெயிலோ ஒரு பக்கமாகப் பட்டால் அந்தப் பக்கம் முந்திக்கொண்டு சுருங்கும். ஈரம் போகாத மறுபக்கம் அதோடு ஈடுகொடுக்க முடியாமல் இழுபடும். இரண்டுக்கும் நடுவே விரிசல் விழும்.

நாட்டுப் பானை செய்யும் முறையைக் கவனித்தால் இது எவ்வளவு நுட்பமான கணக்கு என்று தெரியும். திருகையில் இருந்து இறங்கும்போது பானைக்கு அடிப்பாகம் இருக்காது. கழுத்தும் வயிறும் மட்டும் வனைந்து, கயிற்றால் அறுத்தெடுத்து, நிழலில் வைப்பார்கள். கையில் எடுத்தால் நெளியாமலும், தட்டினால் விரிசல் விடாமலும் இருக்கும் பக்குவம் வந்ததும், உள்ளே ஒரு கையால் உருண்டைக் கல்லைப் பிடித்து, வெளியே மறு கையால் மரத் தட்டுப்பலகை கொண்டு தட்டித் தட்டி அடியைக் கூட்டி மூடுவார்கள். குளிர்ந்த நாளில் அந்தப் பக்குவம் சாவகாசமாக வரும். கோடையில் வந்தது தெரியாமல் கடந்துபோய்விடும். சற்றே தாமதித்தாலும் விளிம்பு இறுகிவிடும், அதன் பிறகு தட்டினால் உடைசல்தான். அதனால்தான் ஈரச் சாக்குப் போர்த்துவது, பானைகளை நெருக்கி வைப்பது, விடியும் முன்பே வனைந்து முடிப்பது என்று எத்தனையோ ஏற்பாடுகள்.

வைகைக் கரையில் இருக்கும் மானாமதுரையில் இந்தக் கணக்கு இன்னும் கடுமையானது. அவ்வூர் மண்பாண்டங்களுக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. கர்நாடக இசை மேடைகளில் ஒலிக்கும் கடம் அங்கே செய்யப்படுகிறது. கடத்தின் சுவர் தடித்தும் சீராகவும் இருந்தால்தான் நாதம் சுத்தமாக வரும். அதற்காகப் பச்சையாக இருக்கும்போதே ஆயிரக்கணக்கான தட்டு தட்டுகிறார்கள். தட்டி முடிக்கும்வரை மண்ணில் ஈரம் நிற்க வேண்டும்.

நவீனப் பட்டறைகளும் இந்தக் கணக்குக்கு விலக்கல்ல. புதுச்சேரியில் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் 1971-ல் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி என்ற மட்பாண்டப் பட்டறையில் பயின்ற பலர் சொந்தப் பட்டறை வைத்திருக்கிறார்கள். இப்படிப்பட்ட பட்டறைகளில் செய்யும் கெட்டிக் களிமண் கோப்பைகள் 1200 டிகிரிக்கு மேல் சுடப்படுபவை. கோப்பைக்குக் கோடை வைக்கும் சோதனை அதன் கைப்பிடியில்தான். மெல்லிய கைப்பிடி உடலுக்கு முன்பே காய்ந்து, ஒட்டிய இடத்தில் பிளந்துவிடும். பிளாஸ்டிக் உறையால் மூடுவதும், நனைத்த பிளாஸ்டர் பலகை பதித்த பெட்டிக்குள் பொருளை வைத்து நிதானமாகக் காயவிடுவதும் அங்கே வழக்கம்.

ஆக, மண்ணுக்கு வேண்டியது அசையாத, ஈரமான காற்று. மனித உடம்பு கோடையில் கேட்பதோ இதற்கு நேர் எதிரானது. வியர்வை ஆவியானால்தான் உடல் குளிரும். ஒரு கிராம் நீர் ஆவியாகும்போது ஏறக்குறைய 580 கலோரி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. மண்பானைத் தண்ணீர் சில்லென்று இருப்பதும் நுண்துளை வழியே கசிந்து ஆவியாகும் நீரால்தான். காற்று ஈரமாக இருந்தால் இந்த ஆவியாதல் மந்தமாகிவிடும். சாக்கால் மூடிய அறையில், ஈரப் பானைகளுக்கு நடுவே உட்கார்ந்திருப்பவருக்கு வியர்வை வழியுமே தவிர உடம்பு குளிராது. பானை பிழைப்பதற்காக அதைச் செய்கிறவர் வேகிறார். மேலே ஓலைக்கும் ஓட்டுக்கும் பதில் தகரமோ சிமென்ட் ஷீட்டோ இருந்தால் கேட்கவே வேண்டாம்.

சூளை வைக்கும் நாள் இன்னொரு பாடு. நன்றாகக் காய்ந்ததாகத் தெரியும் பானையிலும் கொஞ்சம் ஈரம் ஒளிந்திருக்கும். எடுத்த எடுப்பில் தீயைக் கூட்டினால் அது நீராவியாகிப் பானையைப் பிளந்துவிடும். மண்ணிலிருக்கும் குவார்ட்ஸ் 573 டிகிரியில் சட்டென்று விரிவதால் அந்தக் கட்டத்தையும் பதமாகவே தாண்ட வேண்டும். இதனால் தீயருகே பல மணி நேரம் நிற்க வேண்டியிருக்கிறது. மாலையில் மூட்டி இரவில் எரித்தால் வெயிலின் பாடாவது குறையும்.

இந்த உழைப்பில் பெண்களின் பங்கு பாதிக்குக் குறையாது. திருகையில் உட்காருவது பெரும்பாலும் ஆண்கள் என்றாலும் மண் பிசைவது, தட்டுவது, மெழுகுவது, வெயில் பார்த்து இடம் மாற்றி வைப்பது, கூடையில் சுமந்து விற்பது எல்லாம் பல குடும்பங்களில் பெண்கள் பொறுப்பு. அதே வீட்டில் அடுப்பும் எரிகிறது.

அரசு உதவிகள் சில உண்டு. கண்மாய் மண்ணைக் கட்டணமின்றி எடுக்க வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி பெறலாம் என்று 2024-ல் நடைமுறை எளிதாக்கப்பட்டது. காதி கிராமத் தொழில் ஆணையம் மின்திருகைகள் வழங்குகிறது. அதே 2024-ல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராகத் தமிழக அரசு அறிவித்தது; வெப்பத்தால் இறந்தவரின் குடும்பத்துக்கு நான்கு லட்சம் ரூபாய் நிவாரணம் உண்டு. ஆனால் உயிரோடு உழைப்பவருக்கு வரும் எச்சரிக்கை, பகல் 12 மணியிலிருந்து 3 மணிவரை வெளியே போகாதீர்கள் என்பதுதான். குயவர் வெளியே போவதில்லை. அவருக்கு வெக்கை வீட்டுக்குள் இருக்கிறது.

மண்ணுக்கும் மனிதருக்கும் ஒரே அறை என்பதுதான் இங்கே சிக்கல். அதைத் தீர்ப்பது கடினமல்ல. பச்சைப் பானைகள் காய்வதற்குக் காற்று வீசாத தனி அறை, வனையும் இடத்துக்கு உயர்ந்த ஓட்டுக் கூரையும் இரு பக்கம் திறப்பும், வீட்டை விட்டுத் தள்ளிப் புகைபோக்கியோடு ஒரு பொதுச் சூளை, பக்கத்தில் குடிநீர். குயவர் தெருவுக்கு ஒரு பொதுக்கூடம் இந்த அமைப்பில் கட்டித் தந்தால், பானை தட்டுகிறவர் தலைக்கு மேல் மின்விசிறி ஓடலாம். மின்திருகை கொடுக்கும் திட்டங்கள் அடுத்த கோடைக்குள் இந்தக் கூரையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.