உங்களுக்குத் தெரியுமா? நீதிபதிகளே கூண்டில் நின்ற படம்

■ 'ஜட்ஜ்மென்ட் அட் நியூரம்பெர்க்' என்றதும் ஹிட்லரின் தளபதிகள் மீதான விசாரணை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். கோயரிங்கோ ஹெஸ்ஸோ அதில் வருவதில்லை. ஸ்டான்லி கிராமர் இயக்கி 1961-இல் வெளியான இந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தில் விசாரிக்கப்படும் நால்வரும் நாஜி ஆட்சியில் நீதி வழங்கியவர்கள். யாரையும் சுடவில்லை; தீர்ப்பு எழுதினார்கள். மூன்று மணி நேரத்துக்கு ஒரு நிமிடம் குறைவான படம். ஒரே மூச்சில் பார்க்க முடிந்ததற்குக் காரணம் இந்தக் கேள்விதான்: சட்டப்படி நடந்த கொலைக்கு யார் பொறுப்பு?

■ ஆட்கள் கற்பனை, வழக்கு கற்பனையல்ல. 1947 மார்ச்சில் தொடங்கி டிசம்பரில் முடிந்த அசல் வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர்கள் 16 பேர். பத்துப் பேர் தண்டிக்கப்பட்டார்கள், அதில் நால்வருக்கு ஆயுள். படம் இதை நான்கு பேராகச் சுருக்கி, கதையை 1948-க்கு நகர்த்தியது. அப்போதுதான் பெர்லினை சோவியத் படை முற்றுகையிட்டிருந்தது. 'ஜெர்மானியர் தயவு நமக்கு வேண்டும், தண்டனையைக் குறையுங்கள்' என்ற நெருக்கடியை, வழக்கை விசாரிக்கும் அமெரிக்க நீதிபதியின் தோளில் ஏற்றத் தோதான ஆண்டு.

■ திரைக்கு முன்பே இது தொலைக்காட்சி நாடகமாக வந்துவிட்டது. ஏபி மான் எழுதிய அந்த நாடகத்தை 1959 ஏப்ரல் 16 அன்று அமெரிக்காவின் சி.பி.எஸ். ஒளிபரப்பியது. விளம்பரதாரர், சமையல் எரிவாயு விற்பவர்களின் சங்கம்! 'வாயு' என்ற சொல் கொலையோடு சேர்ந்து காதில் விழக்கூடாது என்றார்கள். வசனம் அந்த இடத்துக்கு வந்தபோது ஒலி அறுபட்டது. நடிகரின் உதடு மட்டும் அசைந்தது. லட்சக்கணக்கானோர் எப்படிக் கொல்லப்பட்டார்கள் என்பதைச் சொல்லும் ஒரு சொல்லை, அடுப்பு விற்பனைக்காக விழுங்கியிருக்கிறார்கள். இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது.

■ மான்ட்கமரி கிளிஃப்ட் இந்தப் படத்துக்குச் சம்பளம் வாங்கவில்லை. வருவது சில நிமிடங்கள்தான். நாஜி நீதிமன்றம் 'மந்த புத்திக்காரன்' என்று முத்திரை குத்திக் கட்டாயக் கருத்தடை செய்யச் சொன்ன தொழிலாளி பீட்டர்சன் வேடம். 1956-இல் நடந்த கார் விபத்துக்குப் பின் அவருடைய முகமும் மனமும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. வசனம் நினைவில் நிற்கவில்லை. 'வருகிறபடி பேசுங்கள்' என்று இயக்குநர் விட்டுவிட்டார்.

அந்தக் காட்சியைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். முயல், வேடன், வயல் ஆகிய மூன்று சொற்களை வைத்து ஒரு வாக்கியம் சொல்லச் சொல்கிறார் குற்றம் சாட்டப்பட்டவர்களின் ஜெர்மானிய வழக்கறிஞர். அன்று அவனைச் சோதித்த அதே கேள்வி. பீட்டர்சன் திணறுகிறான். வாக்கியம் வரவே மாட்டேன் என்கிறது. கடைசியில் சட்டைப் பையிலிருந்து தன் அம்மாவின் புகைப்படத்தை எடுத்து நீட்டுகிறான். 'இவளா புத்தி மந்தமானவள்?' என்று சபையைப் பார்த்துக் கேட்கிறான். கை நடுங்குகிறது. அதில் எவ்வளவு நடிப்பு, எவ்வளவு கிளிஃப்ட் என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

■ அதே வாதத்தில் அமெரிக்காவுக்கும் ஒரு குட்டு உண்டு. கட்டாயக் கருத்தடையை அமெரிக்க உச்ச நீதிமன்றமே 1927-இல் 'பக் எதிர் பெல்' வழக்கில் ஏற்றுக்கொண்டது. தீர்ப்பை எழுதியவர் பெரிதும் மதிக்கப்பட்ட ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ். ஜெர்மானிய வழக்கறிஞர் அதைத்தான் அமெரிக்க நீதிபதிகள் முன் வாசித்துக் காட்டுகிறார். பார்வையாளனுக்கு வசதியான நாற்காலி எதையும் போட்டுத் தராத படம் இது.

■ அந்த ஜெர்மானிய வழக்கறிஞராக நடித்தவர் மாக்ஸிமிலியன் ஷெல். 1938-இல் ஹிட்லர் ஆஸ்திரியாவை விழுங்கியபோது, வியன்னாவிலிருந்து சுவிட்சர்லாந்துக்குத் தப்பிய குடும்பத்துப் பிள்ளை. பெயர்ப் பட்டியலில் ஐந்தாவது இடம்; சிறந்த நடிகருக்கான ஆஸ்கர் அவருக்குத்தான். தோற்றவர்களில் ஒருவர் இதே படத்தில் நீதிபதியாக நடித்த ஸ்பென்சர் ட்ரேசி. கடைசிவரை வருந்தாத நாஜியாக வரும் வெர்னர் கிளெம்பரரும் நாஜிகளுக்குத் தப்பி ஓடிவந்த குடும்பத்தைச் சேர்ந்தவரே.

■ ஷெல் முதலில் ஜெர்மன் மொழியில்தான் பேசத் தொடங்குவார். திடீரென்று கேமரா முகத்துக்குப் பாயும், அவர் வாயில் ஆங்கிலம் வரும். அசல் நியூரம்பெர்கில் காதுக் கருவி வழியே உடனுக்குடன் மொழிபெயர்ப்பு கேட்டது. பேசுபவர் வேகமெடுத்தால் மஞ்சள் விளக்கு எரியும். சிவப்பு எரிந்தால் நிறுத்த வேண்டும்.

■ நீதிமன்றத்தில் திரையிடப்படும் வதைமுகாம் காட்சிகள் செட் போட்டு எடுத்தவை அல்ல. முகாம்களை மீட்ட படைகள் 1945-இல் எடுத்த அசல் படச்சுருள்கள்.

■ முதல் திரையிடல் நடந்தது மேற்கு பெர்லினில், 1961 டிசம்பர் 14 அன்று. பெர்லின் சுவர் எழுந்து நான்கு மாதம். மறுநாள், யூதப் படுகொலையில் பங்கெடுத்த நாஜி அதிகாரி ஐக்மனுக்கு ஜெருசலேம் நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது.

■ ஜூடி கார்லண்ட் ஏழு ஆண்டு இடைவெளிக்குப் பின் நடித்த படம் இது. யூத முதியவர் ஒருவரோடு பழகியதாக எழுந்த வழக்கில் தண்டிக்கப்பட்ட பெண்ணாக வருகிறார். இதன் மூலக்கதை நியூரம்பெர்கிலேயே நடந்தது. லியோ காட்சென்பெர்கர், 68 வயது, செருப்பு வியாபாரி, ஊர் யூத சமூகத்தின் தலைவர். வாடகைக்கு இருந்த இளம்பெண்ணோடு உறவு என்று குற்றச்சாட்டு. இருவருமே மறுத்தார்கள். நாஜிகளின் இனச் சட்டத்திலேயே இதற்கு மரண தண்டனை கிடையாது. நீதிபதி ஆஸ்வால்ட் ரோத்தாக் அசரவில்லை. போர்க்கால இருட்டடிப்பைப் பயன்படுத்திக் குற்றம் செய்பவனுக்கு மரணம் என்று வேறொரு சட்டம் இருந்தது. மாலை இருட்டில் அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனார் என்று சொல்லி, இரண்டு சட்டத்தையும் முடிச்சுப் போட்டார். 1942 ஜூனில் கிழவரின் தலை வெட்டப்பட்டது. அவருக்காகச் சாட்சி சொன்ன அந்தப் பெண்ணுக்கு, பொய்ச்சாட்சி என்று இரண்டு ஆண்டுச் சிறை.

■ படத்தின் முடிவில், தண்டனை பெற்றவர்கள் ஐந்தாண்டுக்குள் வெளியே வந்துவிடுவார்கள் என்று பந்தயம் கட்டுகிறார் ஷெல். பிறகு திரையில் எழுத்துகள் வருகின்றன: அமெரிக்கப் பகுதியில் நடந்த விசாரணைகளில் சிறைத்தண்டனை பெற்றவர்கள் 99 பேர், இன்று ஒருவர்கூட உள்ளே இல்லை. அசல் வழக்கில் ரோத்தாக்குக்கு விதித்தது ஆயுள். அது 20 ஆண்டாகக் குறைந்தது. 1956 டிசம்பரில் அவர் வீடு திரும்பிவிட்டார். மேற்கு பெர்லினில் படம் ஓடிய அந்த இரவில் அவர் உயிரோடுதான் இருந்தார்.