பி.எஸ்., எம்.டி. சேர்ந்த படிப்பு: பிள்ளையை அனுப்பும் முன் எண்ணிப் பார்க்க வேண்டிய 54 மாதங்கள்

நீட் முடிவு வெளியான மறுநாளே விழுப்புரம், திண்டிவனம் பகுதி வீடுகளுக்குத் தொலைபேசி அழைப்புகள் வரத் தொடங்கிவிடுகின்றன. "உங்க பொண்ணு எடுத்த மார்க்குக்கு இங்க கவர்மென்ட் சீட் கிடைக்காது. வெளிநாட்டுல பி.எஸ்., எம்.டி. ரெண்டும் சேர்ந்த படிப்பு இருக்கு. ஒரே அட்மிஷன், டாக்டரா திரும்பி வந்துடலாம்" என்று இனிமையாகப் பேசுவார்கள். அந்த வார ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போது பெற்றோர் ஒருவரை ஒருவர் கேட்பது இதைத்தான்: "பாய், அந்தப் படிப்பு நம்ம நாட்டுல செல்லுமா?"

செல்லுமா, செல்லாதா என்பது பெரும்பாலும் ஒரு சின்னக் கணக்கில் அடங்கியிருக்கிறது. அதற்கு முன் இந்தச் சேர்ந்த படிப்பு எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடுவோம்.

நம் நாட்டில் பிளஸ் 2 முடித்த பிள்ளை நேராக எம்.பி.பி.எஸ். சேருகிறது. நாலரை ஆண்டு படிப்பு, ஓராண்டு பயிற்சி மருத்துவர் பணி, மொத்தம் ஐந்தரை ஆண்டு. அமெரிக்காவில் வழக்கம் வேறு. அங்கே முதலில் 4 ஆண்டு பட்டம், பிறகு எம்.கேட் என்ற நுழைவுத் தேர்வு, அதன்பின் 4 ஆண்டு எம்.டி. இந்த இரண்டாவது நுழைவுப் போராட்டத்தைத் தவிர்ப்பதற்காக, பள்ளி முடிக்கும்போதே இரண்டுக்கும் சேர்த்து இடம் கொடுக்கும் திட்டங்களைச் சில பல்கலைக்கழகங்கள் நடத்துகின்றன. பிரவுன் பல்கலைக்கழகத்தின் திட்டம் 8 ஆண்டு. கான்சாஸ் சிட்டியில் உள்ள மிசூரி பல்கலைக்கழகம் 6 ஆண்டிலேயே முடிக்கும் திட்டம் வைத்திருக்கிறது. ஆனால் இத்தகைய திட்டங்களில் பெரும்பாலானவை அமெரிக்கக் குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ உள்ளவர்களுக்கு மட்டும்தான். அங்கே வேலை பார்க்கும் நம் உறவினர்களின் பிள்ளைகளே விசா நிலையைப் பார்த்துத்தான் விண்ணப்பிக்க முடியும். இங்கிருந்து போகும் பிள்ளைக்கு இது கிட்டத்தட்ட மூடிய கதவு.

திண்டிவனத்துக்குத் தொலைபேசியில் வருவது பிலிப்பைன்ஸ். 1898 முதல் 1946 வரை அந்த நாடு அமெரிக்காவின் ஆட்சியில் இருந்தது. மருத்துவக் கல்வியும் அமெரிக்க வார்ப்பிலேயே அமைந்தது. பட்டம் இல்லாமல் அங்கே எம்.டி.யில் சேர முடியாது. பட்டத்துக்குப் பிறகு என்.மேட் என்ற தேர்வும் உண்டு. நம் பிள்ளைகளுக்காகச் சுருக்கப்பட்ட பி.எஸ். ஒன்றை ஒன்றரை அல்லது இரண்டு ஆண்டில் முடிக்க வைத்து, பிறகு 4 ஆண்டு எம்.டி.யில் சேர்ப்பது வழக்கமாயிற்று. ஆங்கில வழிப் படிப்பு, நம் ஊரைப் போன்ற வெயில், மழை. தமிழ்நாட்டிலிருந்து நிறையப் பிள்ளைகள் போனார்கள். படித்து, இந்தியாவில் தகுதித் தேர்வு எழுதித் தேறி, இன்று மருத்துவம் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களைக் காட்டித்தான் இன்றும் இந்தப் படிப்பை விற்கிறார்கள். அவர்கள் போன காலத்தின் விதி வேறு என்பதை மட்டும் சொல்வதில்லை.

2021 நவம்பர் 18 அன்று தேசிய மருத்துவ ஆணையம் வெளிநாட்டு மருத்துவப் பட்டதாரிகளுக்கான புதிய விதிமுறைகளை வெளியிட்டது. அதற்கு முன்பே மருத்துவப் படிப்பில் சேர்ந்திருந்தவர்களை அது கட்டுப்படுத்தாது. பிறகு சேருகிறவர்களுக்கு வைத்த நிபந்தனைகளில் முதன்மையானது, மருத்துவப் படிப்பு மட்டுமே குறைந்தது 54 மாதம் இருக்க வேண்டும் என்பது. அதற்கு மேல், அதே கல்லூரியில் 12 மாதப் பயிற்சி மருத்துவர் பணி. பாடம் ஆங்கிலத்தில் நடக்க வேண்டும். படிப்பின் எந்தப் பகுதியையும் வேறு நாட்டில் செய்யக் கூடாது. படித்த நாட்டிலேயே, அந்நாட்டுக் குடிமக்களுக்குச் சமமாக, மருத்துவம் பார்க்கப் பதிவு பெறும் தகுதியும் வேண்டும்.

இப்போது கணக்குக்கு வருவோம். பிலிப்பைன்ஸ் எம்.டி.யின் வழக்கமான காலம் 4 ஆண்டு, அதாவது 48 மாதம். 54-க்கு 6 மாதம் குறைகிறது. ஏஜென்ட் என்ன செய்வார்? பி.எஸ்.ஸின் 24 மாதத்தையும் சேர்த்து, "மொத்தம் 72 மாசம், தேவையை விட அதிகம்" என்பார். ஆணையம் அப்படிக் கூட்டுவதில்லை. பி.எஸ். என்பது மருத்துவப் படிப்புக்கு முந்தைய உயிரியல் படிப்பு. அது இங்கே எம்.பி.பி.எஸ்.ஸுக்குச் சமமான காலமாகாது. வாசலில் போட்ட திண்ணையை அளந்து வீட்டின் பரப்பில் சேர்ப்பது போன்ற கணக்கு அது. 2021-க்கு முன் பி.எஸ்.ஸில் சேர்ந்து, எம்.டி. தொடங்குவதற்குள் விதி மாறிவிட்டதால் நடுவழியில் நின்ற பிள்ளைகளின் நிலை மிகவும் கொடுமை. அவர்களுக்கு விதி தெரிந்திருக்க வழியில்லை. இன்று போகிறவர்களுக்கு அந்தச் சமாதானம் கிடையாது.

எம்.டி. காலத்தைக் கூட்டிவிட்டதாக ஒரு கல்லூரி சொன்னால், பல்கலைக்கழகத்தின் முத்திரையுடன் பாடத்திட்டத்தையும் மாத எண்ணிக்கையையும் எழுத்தில் கேளுங்கள். அத்துடன் பதிவுரிமை பற்றிய கேள்வியும் இருக்கிறது. பிலிப்பைன்ஸின் 1959 மருத்துவச் சட்டம், வெளிநாட்டவர் அங்கே உரிமத் தேர்வு எழுத வேண்டுமானால், அவரது நாடும் பிலிப்பைன்ஸ் குடிமக்களுக்கு அதே உரிமையைத் தர வேண்டும் என்று நிபந்தனை வைத்தது. இன்றைய நிலை என்ன என்பதை மணிலாவில் உள்ள இந்தியத் தூதரகத்தின் அறிவிப்பிலிருந்து தெரிந்துகொள்ளுங்கள், ஏஜென்டின் வாட்ஸ்அப்பிலிருந்து அல்ல.

கரீபியன் தீவுகளின் கல்லூரிகளும் "ப்ரீ மெடிக்கல், எம்.டி." என்று சேர்த்தே விற்கின்றன. அங்கும் முதல் பகுதியைக் கழித்துவிட்டுத்தான் எண்ண வேண்டும். மருத்துவமனைப் பயிற்சியை அமெரிக்காவில் தருகிறோம் என்று சில கல்லூரிகள் பெருமையாகச் சொல்லும். கேட்க நன்றாக இருக்கும். வேறு நாட்டில் பயிற்சி கூடாது என்ற விதியில் அதுவே இடிக்கும்.

ஒரு பெண் பிள்ளை 18 வயதில் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். பி.எஸ். 2 ஆண்டு, எம்.டி. நாலரை, அங்கே பயிற்சி ஒன்று, திரும்பி வந்து தகுதித் தேர்வு, பிறகு இந்தியாவில் மீண்டும் ஓராண்டு பயிற்சி. எல்லாம் தடையின்றி நடந்தாலே 27 வயதாகிவிடும். "அதுக்குள்ள கல்யாணம்?" என்று உம்மாமார்கள் கேட்கிறார்கள். அதற்காகப் படிப்பை நிறுத்த வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஆறே ஆண்டில் முடியும் என்று நம்பி அனுப்பிவிட்டு, பாதியில் திரும்ப அழைப்பது அந்தப் பிள்ளைக்குச் செய்யும் அநியாயம். தகுதித் தேர்வும் எளிதல்ல. 300 கேள்விகளில் 150 சரியாக இருக்க வேண்டும். பெரும்பாலான முறைகளில் எழுதியவர்களில் மூன்றில் ஒருவர்கூடத் தேறுவதில்லை. சேர்ந்த நாளிலிருந்து 10 ஆண்டுக்குள் எல்லாவற்றையும் முடிக்கவும் வேண்டும்.

பணம் பற்றியும் சொல்லியாக வேண்டும். வட்டிக் கடன் வேண்டாம் என்பதால் மனைவியின் நகையையோ, வளைகுடாவில் பத்து வருடம் உழைத்து வாங்கிய மனையையோ விற்றுக் கட்டும் குடும்பங்கள் நம்மிடையே அதிகம். அந்தப் பணத்தின் முதல் பங்கு, இங்கே கணக்கில் வராத பி.எஸ்.ஸுக்கே போய்விடுகிறது. பிளஸ் 2 முடித்ததும் நேரடியாக மருத்துவம் தொடங்கும் ஜார்ஜியா போன்ற நாடுகளில் இந்தச் சிக்கலாவது இல்லை. மற்ற நிபந்தனைகளை அங்கும் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தே தீர வேண்டும்.

இவ்வளவு தூரம் போகும் முன் உள்ளூரை முழுதாகப் பார்த்தோமா? திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகும் பேருந்தில் விக்கிரவாண்டியைத் தாண்டினால் முண்டியம்பாக்கம். அங்குள்ள அரசு மருத்துவக் கல்லூரி 2010-இல் தொடங்கியது. கள்ளக்குறிச்சியில் 2022-இல் ஒன்று வந்தது. ஜிப்மர் புதுச்சேரியில் இருக்கிறது. முஸ்லிம்களுக்கான 3.5% உள் ஒதுக்கீடு மாநில இடங்களுக்கு உண்டு. 100 இடம் உள்ள கல்லூரியில் அகில இந்திய ஒதுக்கீட்டுக்கு 15 போனால், மீதி 85-இல் அது ஏறக்குறைய 3 இடம்தான் என்பது உண்மை. ஆனால் எல்லா அரசுக் கல்லூரிகளையும் சேர்த்துப் பாருங்கள். சான்றிதழில் லெப்பை, தக்கனி முஸ்லிம், ஷேக், சையத் போன்ற பிரிவின் பெயர் சரியாக இருக்க வேண்டும். அகில இந்திய ஒதுக்கீட்டுக்கும் ஜிப்மருக்கும் விண்ணப்பம் தனி. அங்கே மாநிலச் சான்றிதழ் போதாது, மத்திய அரசின் ஓ.பி.சி. சான்றிதழ் வேண்டும். கலந்தாய்வு தொடங்கிய பிறகு இ-சேவை மையத்துக்கு ஓடுபவர்கள் ஒவ்வொரு ஆண்டும் இருக்கிறார்கள்.

6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைக்கு 2020 முதல் 7.5% ஒதுக்கீடு இருக்கிறது. தனியார் கல்லூரியில் இடம் கிடைத்தாலும் கட்டணத்தை அரசே செலுத்துகிறது. அரசு உதவி பெறும் பள்ளிக்கு இது கிடையாது. நம் பிள்ளைகள் பலர் அந்தப் பள்ளிகளில்தான் படிக்கிறார்கள் என்பதால் இதை ஆறாம் வகுப்பிலேயே யோசிக்க வேண்டும். யுனானி விருப்பம் உள்ளவர்களுக்குச் சென்னை அரும்பாக்கத்தில் அரசு யுனானி மருத்துவக் கல்லூரி உண்டு. அதற்கும் நீட் வழிதான். 20, 30 மதிப்பெண்ணில் இடம் தவறிய பிள்ளைக்கு, இரண்டு ஆண்டு பி.எஸ்.ஸை விட, வீட்டிலிருந்தே ஓராண்டு மீண்டும் நீட்டுக்குப் படிப்பது மலிவு.

இதற்குப் பிறகும் வெளிநாடுதான் என்று முடிவானால், பிள்ளை நீட்டில் தகுதி பெற்றிருக்க வேண்டும். அந்தத் தகுதி 3 ஆண்டுதான் செல்லும். பி.எஸ்.ஸில் காலம் போனால் அதுவும் கரையும். எம்.டி. எத்தனை மாதம், பயிற்சி அதே கல்லூரியிலா, அந்நாட்டில் பதிவு கிடைக்குமா என்ற மூன்றுக்கும் கல்லூரியிடமிருந்தே எழுத்தில் பதில் வாங்குங்கள். ஏஜென்டின் பதில் வேண்டாம். மாநிலக் கலந்தாய்வின் கடைசிச் சுற்று முடியும்வரை முன்பணம் எதுவும் தராதீர்கள். "இந்த வாரம் கட்டினால் தள்ளுபடி" என்றாலும் சரி.