தோற்கருவியில் முதல்வர் யார்?

மேலைநாட்டு ராக் இசை அன்பர்கள் கூடினால், டிரம்ஸ் வாசிப்பில் தலைசிறந்தவர் யார் என்ற வழக்கு எழாமற் போவதில்லை. 1978-இல் மறைந்த கீத் மூன் என்பர் ஒரு சாரார். 1980-இல் மறைந்த ஜான் பான்ஹாம் என்பர் மறு சாரார். நம் நாட்டில் இதற்கு ஈடான வழக்கு மிருதங்கத்தில் உண்டு. பாலக்காடு மணி ஐயரா, பழனி சுப்பிரமணிய பிள்ளையா? தூத்துக்குடித் தேநீர்க்கடைகளில் இவ்வழக்கில் நானும் தொண்டை வறண்டிருக்கிறேன்.

மணி ஐயர் (1912–1981) தஞ்சாவூர் வைத்தியநாத ஐயரின் மாணவர். மிருதங்க வித்துவான்களில் முதன்முதலாக, 1966-இல், சென்னை மியூசிக் அகாதெமியின் சங்கீத கலாநிதி விருது பெற்றவர். ஒலிபெருக்கியை விரும்பாதவர். பாடகர் எடுக்கப்போகும் அடியை முன்னுணர்ந்து வாசிப்பவர். இவர் கட்சியாருக்கு இவ்வளவே போதும்.

1962-இல் மறைந்த பழனியின் கதை வேறு. புதுக்கோட்டை வழியில் வந்த அவர் இடக்கைக்காரர். மிருதங்கத்தின் வலந்தலை சபையை நோக்க வேண்டுமானால் அவரும் பிடில்காரரும் இடம் மாறி அமர வேண்டும். இதற்கு எல்லாரும் இசையவில்லை. செம்பை வைத்தியநாத பாகவதர் போன்றோர் அவரை ஆதரித்தனர். தொப்பித் தோலை மணிக்கட்டால் அழுத்தி இழுக்கும்போது நாதம் வளைந்து எழுமே, அந்தக் கும்கியில் அவருக்கு நிகர் அவரே. என் வாக்கு பழனிக்குத்தான். விரலின் வேகத்தை எண்ணிவிடலாம். கும்கியை எண்ண முடியாது. ஆகவே வழக்கும் தீராது.

ஆனால் ஒன்று உறுத்துகிறது. இத்தனை வாதத்திலும் எங்கள் மாவட்டத்து மகுடக்காரர் ஒருவர் பெயர்கூட வருவதில்லை.

நெல்லை, தூத்துக்குடிப் பகுதிகளில் சுடலைமாடன் கோயில் கொடையில் கணியான் கூத்து நடைபெறும். அண்ணாவி கதை பாடுவார். பெண் வேடமிட்ட ஆடவர் ஆடுவர். இருவர் மகுடம் அடிப்பர். மகுடம் என்பது வட்டச் சட்டத்தில் தோல் போர்த்திய பறை. ஒன்று உச்சம், மற்றொன்று மந்தம். இரண்டும் பிணைந்து ஒலிக்க வேண்டும். தோல் தளர்ந்தால் தீயில் காட்டி வாட்டிக்கொண்டு மீண்டும் அடிப்பார்கள். இரவு முழுவதும் இதே வேலை.

மிருதங்கத்துக்கு ரசிகரின் தலையாட்டல் போதும். மகுடத்துக்குச் சாமியாடி அருள் கொள்ள வேண்டும். அருள் வரத் தாமதித்தால் ஊரார் சாமியைக் குறை கூறுவதில்லை. மகுடக்காரரைத்தான் திரும்பிப் பார்ப்பார்கள். அந்தப் பார்வையை நான் பலமுறை கண்டிருக்கிறேன். மியூசிக் அகாதெமி மேடையில் எந்த வித்துவானுக்கும் இப்படியொரு தேர்வு இல்லை!

பழனியா, மணி ஐயரா என வாதிட நமக்கு ஒலிப்பதிவுகள் உள்ளன. பெயர்களும் ஆண்டுகளும் உள்ளன. நான் பார்த்த கொடை நோட்டீஸ்களில் அண்ணாவியின் பெயர் மட்டும் இருக்கும். பின்னால் ‘குழுவினர்’ என்று ஒரு சொல். மகுடம் அடித்த இருவரும் அந்தச் சொல்லுக்குள் போய்விடுகிறார்கள். பெயரே தெரியாதவருக்காக எவன் கட்சி கட்டுவான்?

இவ்வாண்டு எங்கள் தெருக் கொடைக்கு நோட்டீஸ் அச்சிடும் இளைஞர்களிடம், உச்சம் இன்னார், மந்தம் இன்னார் என்று இரண்டு வரி சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். நன்கொடையாளர் பட்டியலுக்கே இடம் போதவில்லை என்கிறார்கள்.