நடுக்கடலில் இரண்டு பேட்டரிகள்

வழிவலைப் படகுகள் மாலையில் கடலுக்குள் போய், இருட்டும் நேரத்தில் வலையை நீளமாக இறக்கிவிட்டு எஞ்சினை நிறுத்திவிடும். விடியும்வரை படகும் வலையும் நீரோட்டத்தோடு மிதக்கும். எஞ்சின் ஓடாவிட்டாலும் விளக்கு எரிந்தாக வேண்டும். இல்லையென்றால் அந்தப் பக்கம் வரும் கப்பலுக்கு அங்கே ஒரு படகு இருப்பதே தெரியாது. இடம் காட்டும் ஜிபிஎஸ், மற்ற படகுகளோடு பேசும் விஎச்எஃப் கருவி இரண்டும் விழித்திருக்க வேண்டும். இத்தனைக்கும் மின்சாரம் தருவது பேட்டரிதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். விளக்குகளும் கருவிகளுமாகச் சேர்ந்து 6 ஆம்பியர் மின்னோட்டம் எடுப்பதாக வைத்துக்கொள்வோம். இரவு 10 மணி நேரம் என்றால் 60 ஆம்பியர்-மணி. பேட்டரி 120 ஆம்பியர்-மணி அளவுள்ளது என்றால், விடியும்போது பாதி தீர்ந்திருக்கும். ஈய பேட்டரியைப் பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் அதன் ஆயுள் குறைந்துவிடும்.

காலையில் வலையை இழுத்து ஏற்றியதும் எஞ்சினைக் கிளப்ப வேண்டும். பெரிய டீசல் எஞ்சினைச் சுற்றிவிடும் ஸ்டார்ட்டர் மோட்டார் சில நொடிகள்தான் ஓடும். ஆனால் அந்தச் சில நொடிகளில் நூற்றுக்கணக்கான ஆம்பியர் கேட்கும். ராத்திரி முழுக்க விளக்குக்குக் கொடுத்துக் களைத்த பேட்டரியால் அது முடியாமல் போகலாம். ‘டக்’ என்று ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான். பழைய வகை டீசல் எஞ்சின் ஒருமுறை கிளம்பிவிட்டால் பேட்டரி இல்லாமலேயே ஓடும். பெட்ரோல் எஞ்சின் போல அதற்குத் தீப்பொறி தேவையில்லை. அந்த முதல் சுற்றுக்குத்தான் மின்சாரம் வேண்டும். கரை கண்ணுக்குத் தெரியாத இடத்தில் அது கிடைக்காமல் போனால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

அதனால்தான் விவரமறிந்த படகுக்காரர்கள் பேட்டரிகளைப் பிரித்து வைக்கிறார்கள். ஒன்று எஞ்சின் கிளப்ப மட்டும். இன்னொன்று விளக்குக்கும் கருவிகளுக்கும். இப்போது புதிதாக ஒரு கேள்வி வருகிறது: எஞ்சினில் மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்னேட்டர் ஒன்றுதான் இருக்கிறது. (படகில் பலர் இதை டைனமோ என்றே சொல்வார்கள்.) அதை வைத்து இரண்டு பேட்டரிக்கும் எப்படிச் சார்ஜ் ஏற்றுவது?

முதலில் பேட்டரிக்குள் எட்டிப் பார்ப்போம். 1859-இல் பிரான்ஸ் நாட்டின் காஸ்டன் பிளான்டே கண்டுபிடித்த அதே அமைப்புதான் இன்றும். ஒரு தகடு சாம்பல் நிற ஈயம், இன்னொன்று பழுப்பு நிற ஈய டையாக்சைடு. இரண்டும் நீர் கலந்த கந்தக அமிலத்தில் முழுகியிருக்கும். பேட்டரி மின்சாரம் கொடுக்கக் கொடுக்க இரண்டு தகடுகளிலும் ஈய சல்பேட் படியும், அமிலம் நீர்த்துப்போகும். சார்ஜ் ஏற்றினால் எல்லாம் தலைகீழாக நடந்து பழையபடி ஆகிவிடும். இப்படி ஒரு செல் தருவது சுமார் 2.1 வோல்ட். ஆறு செல்கள் சேர்ந்தால் 12.6. நாம் ‘12 வோல்ட் பேட்டரி’ என்று சொல்வது, முழு சார்ஜுடன் சும்மா இருக்கும்போது உண்மையில் 12.6 வோல்ட் காட்டும். இந்த எண்ணை நினைவில் வையுங்கள், கொஞ்ச நேரத்தில் தேவைப்படும்.

இரண்டு தண்ணீர்த் தொட்டிகளை அடியில் ஒரு குழாயால் இணைத்தால், நிறைந்த தொட்டியிலிருந்து குறைந்த தொட்டிக்குத் தண்ணீர் ஓடும் அல்லவா? வோல்ட் அந்த நீர்மட்டம் மாதிரி. ஆல்டர்னேட்டர் சுமார் 14 வோல்ட் தருவதால் பேட்டரிக்குள் மின்சாரம் ஏறுகிறது. பேட்டரி நிறைய நிறைய அதன் வோல்ட்டும் உயரும், இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் சுருங்கும், ஏறும் மின்னோட்டமும் குறைந்துகொண்டே போகும். அதனால்தான் முதல் முக்கால் பங்கு விறுவிறுவென்று ஏறுகிறது. கடைசிக் கால் பங்குக்குப் பல மணி நேரம் ஆகிறது. அரை மணி நேரம் எஞ்சினை ஓட்டிவிட்டு ‘சார்ஜ் ஏறிவிட்டது’ என்று நம்பக் கூடாது.

இரண்டு பேட்டரிகளையும் பக்க இணைப்பில் சேர்த்துவிட்டால் இரண்டுக்கும் சார்ஜ் ஏறும். இறங்கிப்போனது அதிகமாக எடுத்துக்கொள்ளும், நிறைந்தது குறைவாக எடுத்துக்கொள்ளும். யாரும் பங்கு பிரிக்க வேண்டியதில்லை. சிக்கல் எஞ்சினை நிறுத்திய பிறகுதான். இணைப்பு அப்படியே இருந்தால் விளக்குகள் இரண்டு பேட்டரிகளையுமே சேர்த்துக் குடித்துவிடும். ஒன்றில் ஒரு செல் கெட்டிருந்தால், அது நல்ல பேட்டரியையும் கீழே இழுத்துவிடும்.

இதைத் தவிர்க்கக் கையால் திருப்பும் சுவிட்ச் ஒரு வழி. ஆனால் தூக்கக் கலக்கத்தில் மறந்துவிட வாய்ப்பு உண்டு. மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் டையோடு இன்னொரு வழி. அது மறக்காது. ஆனால் சிலிக்கான் டையோடு தன் பங்குக்குச் சுமார் 0.7 வோல்ட்டை எடுத்துக்கொள்ளும். 14 வோல்ட் 13.3 ஆகிவிட்டால் பேட்டரி சரியாக நிறையவே நிறையாது.

எனக்கு மிகவும் பிடித்தது மூன்றாவது வழி: வோல்ட்டைப் பார்த்து வேலை செய்யும் ரிலே. எஞ்சின் ஓடுகிறதா இல்லையா என்று இந்தச் சின்னப் பெட்டிக்கு யாரும் சொல்வதில்லை. தானே கண்டுபிடிக்கிறது. எப்படி? அந்த 12.6 நினைவிருக்கிறதா? சும்மா இருக்கும் பேட்டரி எவ்வளவு நிறைந்திருந்தாலும் 13.3 வோல்ட் காட்டாது. காட்டினால், யாரோ அதற்குச் சார்ஜ் ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள் என்று அர்த்தம்! உடனே ரிலே இரண்டு பேட்டரிகளையும் இணைக்கும். எஞ்சின் நின்றதும் வோல்ட் இறங்கும். சுமார் 12.8-க்கு வந்ததும் இணைப்பைத் துண்டித்துவிடும். எஞ்சின் பேட்டரி பத்திரமாகத் தனியே இருக்கும். ஓர் எண்ணை மட்டும் பார்த்து இவ்வளவு தெரிந்துகொள்வது எத்தனை அழகு!

பெரிய விசைப்படகுகளில் 24 வோல்ட் ஸ்டார்ட்டருக்காக இரண்டு பேட்டரிகளைத் தொடரிணைப்பில் வைத்திருப்பார்கள். அங்கே இரண்டிலும் ஒரே மின்னோட்டம்தான் பாயும். ஒன்று பழையது, ஒன்று புதியது என்றால், பழையது சீக்கிரம் நிறைந்து கொதிக்கத் தொடங்கும். புதியது நிறையாமலே நிற்கும். மாற்றும்போது ஜோடியாக மாற்றுவதுதான் சரி.

அந்தக் ‘கொதிப்பு’ சூட்டினால் வருவதல்ல. நிறைந்த பேட்டரிக்கு மேலும் ஏற்றினால் உள்ளிருக்கும் தண்ணீர் ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்து குமிழிடும். காற்றில் 4 சதவீதம் ஹைட்ரஜன் சேர்ந்தாலே ஒரு தீப்பொறியில் பற்றிக்கொள்ளும். அதனால் பேட்டரி இருக்கும் இடத்தில் காற்றோட்டம் வேண்டும். கடல் தண்ணீரும் உள்ளே போகக் கூடாது. சார்ஜ் ஏறும்போது அதிலிருக்கும் உப்பிலிருந்து குளோரின் என்ற நச்சு வாயு வரும்.

தமிழ்நாட்டின் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. பேட்டரியோ சும்மா இருந்தாலும் மெல்ல இறங்கிக்கொண்டேதான் இருக்கும். தகட்டில் படிந்த ஈய சல்பேட் நாளாக நாளாகக் கெட்டிப்பட்டு, பிறகு சார்ஜ் ஏற்றினாலும் கரையாது. மாதம் ஒருமுறையாவது சார்ஜரில் போட்டு எடுத்தால் தப்பிக்கும்.

உங்கள் வீட்டில் படகு இருந்தால், அப்பாவையோ மாமாவையோ மல்ட்டிமீட்டர் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். இணைப்புகளை நீங்கள் தொட வேண்டாம், எண்ணை மட்டும் படியுங்கள். எஞ்சின் ஓடாமல், விளக்குகள் அணைந்திருக்கும்போது 12.6-க்குப் பக்கத்தில் காட்டினால் பேட்டரி நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. பிறகு எஞ்சினைக் கிளப்பச் சொல்லுங்கள். எண் 14-ஐ நோக்கி ஏற வேண்டும். ஏறவில்லையா? ஆல்டர்னேட்டரைச் சுற்றும் பெல்ட் தொய்ந்திருக்கிறதா, வயர் முனையில் உப்புப் பூத்திருக்கிறதா என்று எஞ்சினை நிறுத்திவிட்டுப் பெரியவர்களைப் பார்க்கச் சொல்லுங்கள்.