எடைச்சீட்டும் எக்ஸ்.எம்.எல்.லும்

கோல சிலாங்கூர் மாவட்டத்தில், முன்னர் பத்தாங் பெர்ஜுந்தை என அழைக்கப்பட்ட பெஸ்தாரி ஜெயாவின் அருகே தென்னமரம் தோட்டம் அமைந்துள்ளது. மலேசியாவில் வணிக நோக்கில் செம்பனை முதன்முதலாகப் பயிரிடப்பட்டது இங்குதான். பிரெஞ்சு நாட்டவரான ஹென்றி ஃபோக்கோனியே 1917ஆம் ஆண்டில் அப்பணியைத் தொடங்கினார். தென்னையைக் குறிக்கும் தமிழ்ச் சொல் இத்தோட்டத்தின் பெயரில் அப்படியே ஒலிக்கிறது. ஆனால், பெயர் ரோமன் எழுத்துக்கு மாறியபோது ஒரு குழப்பம் புகுந்தது. சில ஆவணங்களில் அது ‘தென்னமரம்’ என முடிகிறது. வேறு சிலவற்றில் ‘தென்னமரன்’ என முடிகிறது. படிக்கும் மனிதர் இரண்டும் ஒன்றே என உணர்ந்துகொள்வார். கணினிக்கோ அவை இரு வேறு தோட்டங்கள்.

தகவல் ஓர் உருவிலிருந்து இன்னோர் உருவுக்கு மாறும்போது இத்தகைய பிழை நேரலாம். கணினிகள் நாள்தோறும் இம்மாற்றத்தைப் பல முறை செய்கின்றன. அது எவ்வாறு நடைபெறுகிறது என்பதை ஆலையின் எடைச்சீட்டைக் கொண்டு விளங்கிக்கொள்ளலாம்.

செம்பனைக் குலைகளை ஏற்றிய சரக்குந்து ஆலையின் எடை மேடைக்கு வருகிறது. சுமையுடன் கூடிய எடையிலிருந்து வெற்று வண்டியின் எடையைக் கழித்தால் குலைகளின் எடை கிடைக்கும். எடை மேடையில் உள்ள கணினியின் நிரல் தோட்டத்தின் பெயர், நாள், எடை ஆகியவற்றை ஒன்றாகச் சேர்த்து வைத்துக்கொள்கிறது. இவ்வாறு தொடர்புடைய விவரங்களை ஒரே தொகுப்பாகக் கொண்டிருப்பதை நிரலாக்கத்தில் ‘பொருள்’ என்பர்.

இப்பொருள் கணினியின் நினைவகத்தில் மட்டுமே வாழ்கிறது. நிரலை மூடினால் அது மறைந்துவிடும். அதை அப்படியே வேறொரு கணினிக்கு அனுப்பவும் இயலாது. ஒரு கணினியின் நினைவகத்தில் எது எங்கே இருக்கிறது என்பது மற்றொரு கணினிக்குப் பொருந்தாது. எனவே, பொருளை முதலில் எழுத்தாக மாற்ற வேண்டும். அதற்கு உதவும் வடிவங்களுள் ஒன்றே எக்ஸ்.எம்.எல். உலகளாவிய வலைத் தரங்களை வகுக்கும் வலைக் கூட்டமைப்பு 1998ஆம் ஆண்டு பிப்ரவரி 10ஆம் நாள் இதனைத் தரமாக வெளியிட்டது.

எக்ஸ்.எம்.எல். வடிவில் ஒவ்வொரு விவரத்தின் முன்னும் பின்னும் அதன் பெயரைச் சொல்லும் குறிச்சொல் இடப்படும். குறிச்சொற்களைத் தமிழிலும் அமைக்கலாம். ஓர் எடுத்துக்காட்டு:

<சுமை>
  <தோட்டம்>தென்னமரம்</தோட்டம்>
  <நாள்>2025-03-04</நாள்>
  <எடை அலகு="கிலோ">8420</எடை>
</சுமை>

சாய்கோடு உள்ள குறிச்சொல் விவரம் முடிவடைவதைக் காட்டுகிறது. இந்த எழுத்துக் கோப்பு ஆலையின் அலுவலகத்தைச் சென்றடைந்ததும், அங்குள்ள நிரல் குறிச்சொற்களைப் படித்து மீண்டும் ஒரு பொருளை உருவாக்குகிறது. ஆக, இப்பணிக்கு இரண்டு திசைகள் உள்ளன: பொருளை எழுத்தாக்குதல், எழுத்தைப் பொருளாக்குதல். இவ்விரண்டையும் செய்வதற்கென ஜாவா, சி ஷார்ப் போன்ற நிரல் மொழிகளில் ஆயத்தக் கருவிகள் உள்ளன.

கருவி இருந்தால் மட்டும் போதுமா? போதாது. எழுத்தாக்கும் நிரலும் பொருளாக்கும் நிரலும் ஒரே விதியைப் பின்பற்றாவிட்டால் தரவு சிதைந்துவிடும். எடுத்துக்காட்டாக, 04/03/2025 என்பது மலேசியாவில் மார்ச் 4. அமெரிக்க வழக்கிலோ ஏப்ரல் 3. 8,420 என்பது இங்கே எட்டாயிரத்து நானூற்று இருபது. ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் காற்புள்ளியே தசமப் புள்ளி. அங்கு அதே எழுத்து, ஒன்பதைக்கூட எட்டாத ஓர் எண்ணைக் குறிக்கும். எட்டு டன்னுக்கு மேற்பட்ட சுமை ஏட்டில் எட்டுக் கிலோவாகச் சுருங்கினால், குலைகளை விற்றவருக்குக் கிடைக்க வேண்டிய பணமும் சுருங்கும்.

மற்றொரு பிழை மாணவர்களுக்கு மிக நெருக்கமானது. மலேசியரின் அடையாள அட்டை எண் 12 இலக்கங்களைக் கொண்டது. அதன் முதல் இரண்டு இலக்கங்கள் பிறந்த ஆண்டைக் குறிக்கும். 2000 முதல் 2009 வரை பிறந்தோரின் எண்கள் சுழியத்தில் தொடங்குகின்றன. எழுத்தைப் பொருளாக்கும் நிரல் அதனைக் கணக்கிடத்தக்க எண்ணாகக் கொண்டால், முன்னால் உள்ள சுழியங்கள் மதிப்பற்றவை என நீங்கிவிடும். 2008இல் பிறந்தவருக்கு 11 இலக்கங்களே மிஞ்சும். பின்னர் அவரது விவரத்தைத் தேடினால் கிடைக்காது. அடையாள அட்டை எண்ணைக் கூட்டவோ கழிக்கவோ எவரும் முற்படுவதில்லை. ஆகவே, அதனை எண்ணாகக் கருதாமல் எழுத்துத் தொடராகவே வைத்திருக்க வேண்டும்.

இக்குறைகளைத் தவிர்க்க, இரு தரப்பினரும் முன்கூட்டியே ஓர் அமைப்பு விதியை வகுத்துக்கொள்கின்றனர். எந்தக் குறிச்சொல் கட்டாயம், எது எண், எது எழுத்துத் தொடர், எந்தப் பெயர்கள் ஏற்கத்தக்கவை என்பவற்றை அவ்விதி வரையறுக்கும். நாளை ஆண்டு, மாதம், தேதி என்னும் வரிசையில் எழுதச் சொல்லும். தோட்டங்களின் பெயர்ப்பட்டியலும் அதில் இருந்தால், ‘தென்னமரன்’ என்று வரும் கோப்பை நிரல் ஏற்காமல் நிறுத்திவிடும். பிழை உள்ளே புகுவதற்கு முன்பே அது திருத்தப்படும்.

இத்தகைய பொது விதியின் தேவை நாடளாவியது. உள்நாட்டு வருமான வாரியம் மின் விலைப்பட்டியல் முறையை 2024 ஆகஸ்ட் 1ஆம் நாள் முதல் கட்டங்கட்டமாக நடைமுறைப்படுத்தியது. ஆண்டு விற்பனை 10 கோடி ரிங்கிட்டைத் தாண்டிய நிறுவனங்கள் முதல் கட்டத்தில் இணைந்தன. நிறுவனங்கள் வெவ்வேறு மென்பொருள்களைப் பயன்படுத்துகின்றன. ஆயினும், வாரியத்திற்கு அனுப்பும் விலைப்பட்டியல் எக்ஸ்.எம்.எல். அல்லது ஜேசன் வடிவில், வகுக்கப்பட்ட விதிப்படி அமைந்திருக்க வேண்டும்.

மாற்றம் சரியாக நடந்ததா என்பதை அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. ஒரு பொருளை எழுத்தாக்கி, அவ்வெழுத்தை மீண்டும் பொருளாக்க வேண்டும். முதலில் இருந்ததும் இறுதியில் கிடைத்ததும் பெயரிலும் நாளிலும் எடையிலும் ஒத்திருந்தால் மாற்றம் நம்பத்தக்கது. தென்னமரம் தென்னமரமாகவே திரும்பி வர வேண்டும். ஓர் எழுத்து மாறினாலும் ஒரு தோட்டம் ஏட்டில் காணாமற்போகும். ஒரு சுழியம் நீங்கினாலும் ஒரு மாணவர் காணாமற்போவார்.